மருதமுனைக்கு வந்த பெட்டி

அச்சிமுகம்மது சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, சாரன் மூட்டையை அவிழ்க்காமலே விறாந்தையில் உட்கார்ந்தார். மனுசன் இன்றைக்கு வியாபாரத்துக்கு வரவில்லை என்பது அப்போதே ஹவ்வா உம்மாவுக்கு விளங்கிவிட்டது. மருதமுனையில் நெய்த சாரன்களைக் கிழமைக்கு ஒருமுறை சாய்ந்தமருதுக்குக் கொண்டுவருகிறவர் அவர். துணியோடு சேர்த்து இரண்டு ஊர்க் கதைகளையும் ஏற்றி இறக்குவார். துணிக்குத்தான் விலை, கதை சும்மா.

"தேத்தண்ணி ஒண்டு தாங்க மச்சி. தொண்டை காயுது."

தேத்தண்ணீர் வந்தது. பாதியைக் குடித்தார். மீதியைக் குடிப்பதா, வந்த விஷயத்தைச் சொல்வதா என்று தெரியாதவர்போல் கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கட மருமகன்ட பெட்டி வந்திரிக்கி," என்றார் கடைசியில்.

"எந்தப் பெட்டி?"

"லண்டன் பெட்டிதான். கறுப்பு றங்குப் பெட்டி. ரெண்டு பேர் சேர்ந்துதான் லொறியால இறக்கின. பத்துப் பதினொரு நாளாகுது."

"இஞ்ச ஒரு பெட்டியும் வரல்லியே."

"இஞ்ச வந்த எண்டு ஆர் சொன்ன? மருதமுனைக்கு வந்திரிக்கி. அவர்ட உம்மா, சபியா உம்மாட வீட்டுக்கு."

உள்ளே பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த மகள் ஸுல்பிகாவின் கை அப்படியே நின்றது. எட்டு மாதக் குழந்தை ஜெமீலா, வாய்வரை வந்து நின்றுவிட்ட கரண்டியைக் கோபத்தோடு தட்டிவிட்டாள்.

அந்தக் கரையோர ஊர்களில் வீடு பெண்ணுடையது. கல்யாணத்தன்று மாப்பிள்ளை தன் உடுப்புகளும் சாமான்களும் அடங்கிய பெட்டியோடு பெண்வீட்டுக்கு வருவான். அன்றிலிருந்து பெட்டி இருக்கும் இடம்தான் அவன் வீடு. புருசனும் பெண்சாதியும் எவ்வளவுதான் சண்டை பிடித்தாலும், பெட்டி அறைக்குள் இருக்கும்வரை ஊர் அதைக் கண்டுகொள்ளாது. அது வேலிப் படலையைத் தாண்டித் தாய்வீட்டுக்குப் போய்விட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு மார்க்க நீதிபதியான காதியார் எழுதுவதெல்லாம் வெறும் எழுத்துவேலை. தலாக் என்ற சொல்லை நாவால் சொல்லக் கூசுகிறவர்கள்கூட, 'அவன்ட பெட்டி போயிட்டு' என்று சொல்லிவிட்டுப் பெருமூச்சு விடுவார்கள். கேட்பவர்களும் அதற்குமேல் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

ஸுல்பிகாவின் புருசன் பளீல் மாஸ்டர் ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருந்துகொண்டே பெட்டியைத் தாய்வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்.

"நான் ஒண்டும் சொல்லல்ல," என்றார் அச்சிமுகம்மது எழும்பிக்கொண்டே. "கண்டதச் சொன்ன. பெட்டிக்கு மேல வெள்ளத்துணி போட்டு மூடி வச்சிரிக்கா சபியா உம்மா. ஆரையும் கிட்டப் போக விடுறல்ல. எனக்கென்ன மச்சி, நான் சாரன் விக்கிற மனுசன்."

அன்று அவர் ஒரு சாரனும் விற்கவில்லை.

போன வருஷம் இதே நாட்களில் பளீல் மாஸ்டரைப் பற்றி ஊருக்கே பெருமை. கல்முனைப் பள்ளிக்கூடம் ஒன்றில் இங்கிலீஷ் படிப்பித்துக்கொண்டிருந்தவரை, ஒரு வருஷத்துக்கு இங்கிலாந்துக்குப் போய்ப் படிப்பிக்கத் தெரிவு செய்திருந்தார்கள். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து மிஸ் லாங்டன் என்ற ஆசிரியை அவருடைய வகுப்புக்கு வருவார். ஆளுக்கு ஆள் மாற்றம். மாலை போட்டு, சலவாத்துச் சொல்லி, மட்டக்களப்பில் ரயில் ஏற்றினார்கள். ஸுல்பிகாவுக்கு அப்போது ஏழு மாதம். "ஒரு வருஷம்தானே ஸுல்பி, ரெண்டு போகம் வெட்டி முடியிறதுக்குள்ள வந்திருவன்," என்று விவசாயக் குடும்பத்துப் பிள்ளைக்கு விளங்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

முதல் கடிதங்கள் நாலு பக்கம் வந்தன. பையன்கள் 'உங்கள் ஊரில் ரோட்டு இருக்கிறதா' என்று கேட்டார்களாம். கரும்பலகையில் வயலும் வரம்பும் வாய்க்காலும் கீறிக் காட்டினாராம். ஹலாலான இறைச்சி கிடையாது என்பதால் முட்டையும் மீனும் கிழங்கும்தானாம். தங்கியிருப்பது மிஸ் லாங்டனுடைய வீட்டில். அவருடைய தாயார் நல்ல மனுசியாம்.

தாயார் மட்டுமல்ல, எடித் என்று ஒரு தங்கையும் அந்த வீட்டில் இருக்கிறாள் என்பது மூன்றாவது கடிதத்தில்தான் வந்தது.

மிஸ் லாங்டன் ஒரு நாள் சாய்ந்தமருதுக்கு வந்து, வெயிலில் சிவந்த முகத்தோடு விறாந்தையில் உட்கார்ந்து, மூன்று துண்டு வட்டிலப்பம் சாப்பிட்டார். "மிஸ்டர் பளீல் எங்கள் அம்மாவுக்கு மகன் மாதிரி," என்று கூடவந்த ஆசிரியர் மூலம் சொன்னார். ஹவ்வா உம்மா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். கார் போனதும் சிரிப்பும் போய்விட்டது.

"தாய்க்கு மகன் மாதிரியெண்டா, மகளுக்கு என்ன மாதிரியாம்? அத ஏன் சொல்லாமப் போறா? வகுப்ப மாத்தினாங்க, சரி. வீட்டயும் சேத்து மாத்தினா அது என்ன ஞாயம்?"

அந்தக் கேள்வி ஸுல்பிகாவின் மனதில் முள்ளாய்ப் போய் இருந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் கடிதங்களை வாசித்த விதமே வேறு. 'நாங்கள் குளம் பார்க்கப் போனோம்' என்று அவர் எழுதினால், கூடப் போனது யார் என்று யோசித்தாள். பக்கங்கள் நாலிலிருந்து இரண்டாகி, பிறகு ஒன்றாகின. போன செவ்வாய்க்கிழமை வந்த கடிதத்தில், 'உன்னிடம் சொல்ல நிறைய இருக்கிறது. எழுதினால் சரிவராது, நேரில்தான் சொல்ல வேண்டும்' என்று ஒரு வரி. எழுதச் சரிவராத விஷயம் என்னவாக இருக்கும் என்று ஒரு கிழமையாக அரித்துக்கொண்டிருந்தவளுக்கு, இப்போது பெட்டிதான் பதிலாகத் தெரிந்தது.

ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும், 'இதை உம்மாவுக்கும் வாசித்துக் காட்டு' என்று எழுதியிருப்பார். சபியா உம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆரம்பத்தில் ஸுல்பிகாவும் வாசித்துத்தான் காட்டினாள். ஜெமீலாவுக்கு நாற்பது நாள் கழிந்த அன்று வீடு நிறையச் சனம் இருக்கும்போது ஹவ்வா உம்மா வாயை அடக்காமல், "பிரசவ நேரம் புருசன் பக்கத்துல இல்லாம என்ட புள்ள பட்ட பாடு! தாய்க்காரி 'போ மகனே' எண்டு சொன்னதாலதானே அவர் போன," என்று சொல்லிவிட்டார். சபியா உம்மா கையிலிருந்த குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டு எழும்பிப் போனார். அதற்குப் பிறகு ஆறு மாதமாக இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. நோன்புப் பெருநாளைக்குக்கூடச் சலாம் சொல்லி ஆள் வரவில்லை, இங்கிருந்தும் போகவில்லை.

பின்னேரம் மாவடிப்பள்ளி வயலிலிருந்து வந்த மீராசாஹிபு, காலில் சேறு காயாமலே தாயிடம் முழுக் கதையையும் கேட்டான். ஸுல்பிகா காக்கா என்று கூப்பிடும் மூத்த அண்ணன் அவன். தகப்பன் இல்லாத வீட்டில் வாப்பாவின் குரலும் அவனுடையதுதான்.

"வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய மரைக்கார்மாரோட கதைக்கிறன்," என்றான். "பள்ளிவாசல்ல சொல்லி, முறைப்படி கடிதம் போடுவம். விடுறதெண்டா விடட்டும். என்ட தங்கச்சி ஒருத்தன்ட வாசல்ல காத்துக் கிடக்கத் தேவல்ல."

"காக்கா, அவர் வரட்டுமே. ஆகஸ்டுல வாற எண்டுதானே..."

"எங்க வாற? பெட்டி எங்க போச்சோ அங்கதான் ஆளும் வரும். உனக்கு விளங்கல்லியா, இல்லாட்டி விளங்காத மாதிரி இரிக்கியா?"

 பள்ளிவாசலை நடத்தும் மரைக்கார்மாரின் காதில் விழுந்த பேச்சைத் திரும்பப் பொறுக்கி எடுத்து வர ஒருவராலும் முடியாது. வெள்ளிக்கு மறுநாளே அவர் நல்ல மனதோடு திரும்பி வந்தாலும், பள்ளிவாசலில் தன் பெயரை இழுத்த வீட்டுக்குள் எப்படிக் கால் வைப்பார்? பொய்யென்றாலும் முறிவு, மெய்யென்றாலும் முறிவு. அன்று புதன்கிழமை.

மெய்யா பொய்யா என்பதை அந்தப் பெட்டியைத் தன் கண்ணால் பார்த்தபிறகு முடிவுசெய்வது என்று நினைத்தாள். அந்தக் கிழவியின் முகத்தையும் பார்க்க வேண்டும்.

வியாழன் காலை, பிள்ளைக்கு மருந்து எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போவதாகத் தாயிடம் சொன்னாள். காரைதீவுக் குணம் தன் கூடார வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். இந்த வீட்டு நெல்லும் சனமும் இருபது வருஷமாக ஏறும் வண்டி அது. ஸுல்பிகா முக்காட்டை இழுத்துவிட்டு, செவ்வாய்க்கிழமைக் கடிதத்தை மடித்து மடிக்குள் சொருகிக்கொண்டு, திரைக்குள் ஏறினாள். சண்டைக்குப் போகிறவள் ஆயுதம் இல்லாமல் போகக் கூடாது அல்லவா.

கல்முனைச் சந்தியும் கடந்தது.

"தங்கச்சி, ஆசுபத்திரி ரோட்டுத் தாண்டிட்டு," என்றார் குணம்.

"தாண்டட்டும் அண்ணே. மருதமுனைக்கு விடுங்க."

"மருதமுனையில ஆர் டொக்டர்?"

"நீங்க மாட்டப் பாத்து ஓட்டுங்க."

"நான் மாட்டத்தான் பாக்கிறன். நாளைக்கு மீராசாஹிபுத் தம்பி என்னைப் பாப்பாரே, அதத்தான் யோசிக்கிறன்."

ஆனாலும் வண்டியைத் திருப்பவில்லை. பாண்டிருப்பு வரை அவர் பாட்டில் எதையோ முனகிக்கொண்டு வந்தார். ஸுல்பிகா உள்ளே சொற்களை அடுக்கிக்கொண்டு வந்தாள். 'பதினொரு நாள் மூடி வைக்க உங்களுக்கு மனசு எப்படி வந்த மாமி?' இதை முதலில் கேட்க வேண்டும். 'எனக்கு எழுத வெக்கமெண்டா, உங்களுக்குச் சொல்ல வாய் இல்லியா?' இது இரண்டாவது.

மருதமுனைக்குள் வண்டி நுழைந்ததும் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். சபியா உம்மாவின் வீட்டில் மட்டும் சத்தம் இல்லை. பக்கத்துக் கொட்டிலில் அவருடைய இரண்டு தறிகளும் சும்மா நின்றன. நெசவுக்கு வரும் ஹாஜறா என்ற பெண் நூல் சுற்றுவதுபோல் பாவனை பண்ணிக்கொண்டு, வந்தவளை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

பெட்டி நடு அறையில் இருந்தது. அச்சிமுகம்மது சொன்னதுபோலவே வெள்ளைத் துணி. அறையெல்லாம் சாம்பிராணி வாசம். விலாசம் ஒட்டிய பக்கத்தைச் சுவரை நோக்கித் திருப்பி வைத்திருந்தார்கள். எதை மறைப்பதற்கு?

சபியா உம்மா அடுக்களையிலிருந்து வந்தவர், வாசலில் நின்ற மருமகளைக் கண்டதும் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டார். ஆறு மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தார். பேத்தியை வாங்கக் கை நீட்டவில்லை. ஒரு அடி பின்னால்தான் வைத்தார். அதைக் கண்டதும் ஸுல்பிகாவின் நெஞ்சுக்குள் மிச்சமிருந்த கொஞ்ச நம்பிக்கையும் அணைந்தது. வெட்டிவிட்ட உறவென்றால் பிள்ளையும் வேண்டாதுதானே!

"ஆரு சொன்ன உனக்கு?" என்றார் சபியா உம்மா. 

"ஊர் முழுக்கத் தெரியும் மாமி. எனக்குத்தான் கடைசியாத் தெரியும். பதினொரு நாள் மூடி வச்சிரிக்கீங்களே, எப்படி மனசு வந்த?"

"எந்த வாயால சொல்ற மகள்?"

"அவர் உங்களுக்குச் சொல்லித் தந்திரிப்பாரே. அதே வாயால சொல்லுங்க."

"ஓம்," என்றார் சபியா உம்மா. "அவன்தான் சொல்லித் தந்த. 'ஸுல்பிகாவுக்கு நீங்கதான் நேர போய்ச் சொல்லணும், வேற ஆர்ட வாயாலயும் அவள் கேக்கப்படா' எண்டு, போறதுக்கு முதல் நாளே இஞ்ச வந்து சொல்லிட்டுத்தான் போன."

போவதற்கு முதல் நாளே! மாலை விழுவதற்கு முன்பே, அந்த ரயிலில் ஏறுவதற்கு முன்பே, 'ரெண்டு போகம்' என்று தன் தலையைத் தடவிச் சொன்னபோதே, எல்லாம் தீர்மானித்து வைத்திருந்த மனுசனா அவர்? ஸுல்பிகா பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, பெட்டியின் மேலேயே கையை ஊன்றினாள்.

"அதுல கை வைக்காத!" என்று கத்தினார் சபியா உம்மா. "என்ட புள்ளட சாமான். அவன்ட சட்டை, அவன்ட தொப்பி... தொறக்க எனக்குத் தைரியமில்ல மகள். ஒவ்வொரு நாளும் காலையில வெளிக்கிட்டு பஸ் நிக்கிற இடம்வரைக்கும் வாறன். உனக்குச் சொல்லணுமே. பஸ் வரும். ஏற மாட்டன். திரும்பி வந்து இதுக்குப் பக்கத்துல இருப்பன். வாப்பா இல்லாத புள்ளட முகத்த நான் எப்படிப் பாக்கிற?"

"வாப்பா இல்லாத?"

ஸுல்பிகா மாமியின் முகத்தைப் பார்த்தாள். அது ஒன்றை மறைக்கிற முகம் அல்ல. பதினொரு நாள் தனியாக அழுது வீங்கிய முகம்.

"மாமி, நீங்க என்ன நினைச்சிட்டிருக்கீங்க? அவர் உசிரோட இரிக்கார்!"

தறிக் கொட்டிலில் நூல் சுற்றும் சத்தமும் நின்றது.

"அவர்ட கடிதம் செவ்வாய்க்கிழமை வந்த. இந்தா, மடிக்குள்ள இரிக்கி. மே மாசம் இருபத்தெட்டாந் தேதி எழுதியிரிக்கார். நல்லா இரிக்காராம். ஒரு தடிமல்கூட இல்லியாம்."

சபியா உம்மா நம்பவில்லை. எழுத்துத் தெரிந்தவரைப்போலக் கடிதத்தைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, மணந்து பார்த்தார். பிறகு, "எனக்கு ஆறுதலுக்குச் சொல்றியா?" என்று கேட்டார்.

"இல்ல மாமி! அல்லாஹ் அறிய. நான் உங்களோட சண்டை பிடிக்க வந்த. அவர் என்ன விட்டுட்டார் எண்டு நினைச்சி வந்த."

"விட்டுட்டாரா? ஏன்?"

"பெட்டி உங்கட வீட்டுக்கு வந்திரிக்கே!"

சபியா உம்மா சற்று நேரம் அந்தக் கோணத்திலிருந்து பெட்டியைப் பார்த்தார். ஊரில் பிறந்து வளர்ந்த மனுசிக்கு அது விளங்காமல் இருக்குமா? 'அட அல்லாஹ்வே' என்று வாயில் கையை வைத்தார். சாவை நினைத்த தலைக்குள் அந்த நினைப்பு வர இடமே இருந்திருக்கவில்லை.

பிறகு நடந்ததைச் சொன்னார். போவதற்கு முதல் நாள் பளீல் வந்து, ஏதோ ஒரு கடதாசியில் உம்மாவின் பெயரையும் மருதமுனை விலாசத்தையும் எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னாராம். அங்கே தனக்கு ஏதும் நடந்துவிட்டால் அந்த விலாசத்துக்குத்தான் அறிவிப்பார்கள். பெண்சாதியின் விலாசத்தைத்தான் கேட்டார்களாம். அவர்தான் மாட்டேன் என்று தாயுடையதைக் கொடுத்தாராம்.

"'அவள் வயித்தோட இரிக்காள் உம்மா. தந்திக்காரன் வந்து படலையில நிண்டு கூப்பிட்டா, அவள்தான் முதல்ல ஓடி வருவாள். அது நடக்கப்படா. நீங்க போய்ப் பக்கத்துல இருந்து சொல்லுங்க' எண்டான். அதுக்குப் பிறகு ஆறு மாசமா ஒரு எழுத்து இல்ல, ஒரு சலாம் இல்ல. திடீரெண்டு ஒரு நாள் லொறியில பெட்டி வருது. அதே விலாசத்துக்கு. கைநாட்டு வைக்கச் சொன்னாங்க, வச்சன். ஆள் வராமச் சாமான் மட்டும் வந்தா, ஒரு தாய் வேற என்னத்த நினைக்கிற?"

'ஆறு மாசமா ஒரு எழுத்து இல்ல.' அந்தச் சொல் ஸுல்பிகாவைச் சுட்டது. எழுத்து வந்துகொண்டுதான் இருந்தது. மாதம் இரண்டு கடிதம், ஒவ்வொன்றின் அடியிலும், 'உம்மாவுக்கும் வாசித்துக் காட்டு'. வீட்டுக் கோபத்தில் அவள் அந்த ஒரு வரியை மட்டும் வாசிக்காதவள்போல் இருந்துவிட்டாள். மற்ற வரிகளுக்குள்ளெல்லாம் கள்ளத்தைத் தேடியவள் அவள்.

"நான்தான் மாமி," என்றாள். "எழுத்தெல்லாம் என்னட்ட இரிக்கி. வாசிச்சுக் காட்டச் சொன்ன. நான் வரல்ல."

சபியா உம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் திட்டவில்லை. "எத்தின?" என்று மட்டும் கேட்டார்.

"பன்ரெண்டு."

"பன்ரெண்டையும் வாசிக்கணும்," என்றார். "ஒண்டயும் விடாம."

ஆனாலும் அவருக்கு முழு நிம்மதி வரவில்லை. கடிதம் எழுதிய பிறகு ஏதும் நடந்திருந்தால்? ஸுல்பிகாவும் அதைத்தான் யோசித்தாள். பிள்ளையை ஹாஜறாவிடம் கொடுத்துவிட்டு, துணியை நீக்கி, பெட்டியைச் சுவரிலிருந்து திருப்பினாள். இங்கிலீஷ் எழுத்துகளைப் பளீல்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். பெயரும் மாதமும் ஊரும் கூட்டி வாசிக்கத் தெரியும். பெட்டியில் இரண்டு விலாசங்கள் இருந்தன. மேலே சரிவாக ஒட்டியிருந்தது மெஷினில் அடித்த தாள்: சபியா உம்மாவின் பெயர், மருதமுனை. அதன் விளிம்பை நகத்தால் மெதுவாகக் கிளப்பினாள். கீழே வெள்ளைப் பெயிண்டால் எழுதிய எழுத்து. அந்தக் கையெழுத்தை அவள் எங்கே கண்டாலும் அறிவாள். அவருடைய பெயரும் 'கொழும்பு' என்ற ஒரு சொல்லும், ஓரத்தில் தேதியும் மட்டும். ஏப்ரல் ஒன்பது.

"மாமி, இது கப்பல்ல ஏத்தக் குடுத்த நாள் ஏப்ரல். கடிதம் எழுதின நாள் மே கடைசி. பெட்டியக் குடுத்ததுக்குப் பிறகு ஒண்டரை மாசம் கழிச்சி எழுதியிரிக்கார். பாரமான சாமான முதல்ல அனுப்பிப்போட்டு, தான் வந்து கொழும்புல எடுக்கிறதுக்கு வச்சிரிக்கார். கப்பல்காரங்கதான் அவர் அண்டைக்கு எழுதிக் குடுத்த கடதாசியில இருந்த விலாசத்தப் பாத்து, மேல ஒட்டி இஞ்ச அனுப்பியிரிக்காங்க. உங்களுக்கும் அனுப்பல்ல, எனக்கும் அனுப்பல்ல. தனக்குத்தான் அனுப்பியிரிக்கார்."

சபியா உம்மா அப்போதுதான் உட்கார்ந்தார். பெட்டியின் மேலேயே உட்கார்ந்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு அழுகையும் சிரிப்பும் கலந்து வர, ஹாஜறாவிடமிருந்து பேத்தியைப் பிடுங்காத குறையாக வாங்கி, முகம் கழுத்து கை எல்லாம் முத்தமிட்டார். ஜெமீலா பயந்து வீரிட்டாள். அதற்கும் சேர்த்து முத்தம் விழுந்தது.

"தொறந்து பாப்பமா?" என்றாள் ஹாஜறா ஆசையோடு.

"அவர்ட கையால தொறக்கட்டும்," என்றாள் ஸுல்பிகா. "ஆனா இஞ்ச இருக்கக் கூடாது மாமி. நாளைக்கு வெள்ளிக்கிழமை." காக்காவின் முடிவைச் சொன்னாள்.

சபியா உம்மா எழும்பினார். அவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. "தூக்குங்கடா!" என்று பக்கத்து வீட்டுத் தறிக்காரர் இருவரைக் கூப்பிட்டார். "இந்தப் பெட்டி இஞ்ச இருந்த நாளெல்லாம் எனக்கு நித்திரை இல்ல. கொண்டு போ மகள்."

"நீங்களும் வாங்க."

"உன்ட உம்மா?"

"ஏசுவா. ஏசட்டும். நீங்களும் ஏசுங்க. ஆறு மாசத்து ஏச்சு ரெண்டு பேருக்கும் சேந்து கிடக்கும்தானே."

குணம் பெட்டியையும் பார்த்தார், இரண்டு பெண்களையும் பார்த்தார், மாட்டையும் பார்த்தார். "மருந்து சரியான பாரமாத்தான் இரிக்கி," என்றார்.

திரும்பும்போது ஸுல்பிகா வண்டியின் பின்திரையைக் கட்டவில்லை. பெட்டி பின்புறத்தில் வெளியே தெரியும்படி இருந்தது. பாண்டிருப்பு, கல்முனைச் சந்தி, சாய்ந்தமருதுக் கடைத்தெரு, எங்கும் சனம் நின்று பார்த்தது. பெண்வீட்டிலிருந்து தாய்வீட்டுக்குப் பெட்டி போவதைக் கண்டவர்கள்தான் அந்த ஊர்களில் அதிகம். இந்தத் திசையில், ஒரு பெண் தன் மாமியையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு, பெட்டி ஒன்றைக் கூட்டிவருவதை ஒருவரும் கண்டதில்லை. மாமி முக்காட்டுக்குள் சலவாத்துச் சொல்லிக்கொண்டு வந்தார். ஸுல்பிகா தந்திக்காரனை நினைத்துக்கொண்டு வந்தாள். படலையில் நின்று கூப்பிட்டால் முதலில் ஓடி வருபவள் அவள்தான் என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது? தெரியும்தான். ஒவ்வொரு பின்னேரமும் அவர் சைக்கிள் மணிக்கு அப்படித்தானே ஓடினாள்.

வீட்டு வாசலில் ஹவ்வா உம்மா நின்றார். பக்கத்தில் மீராசாஹிபு. செய்தி வண்டியை முந்திக்கொண்டு வந்திருந்தது.

"ஆஸ்பத்திரியில இதத்தான் தாறாங்களா?" என்றார் ஹவ்வா உம்மா. கண் சம்பந்தியின் மேல் இருந்தது. சபியா உம்மா இறங்கி, பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு, யாரும் வரச் சொல்லக் காத்திராமல் உள்ளே போனார். அந்தத் துணிச்சலில் ஹவ்வா உம்மாவுக்கு வாய் அடைத்துவிட்டது. கொஞ்ச நேரத்துக்குத்தான்.

ஸுல்பிகா எல்லாவற்றையும் காக்காவுக்குச் சொன்னாள். தாளைக் கிளப்பி எழுத்தைக் காட்டினாள். தேதியைக் காட்டினாள். மீராசாஹிபு குனிந்து, விரலால் பெயிண்டைத் தடவி, நிமிர்ந்தான். சந்தேகம் அவன் முகத்திலிருந்து போக மனமில்லாமல் நின்றது.

"சரி, பெட்டிட கதை சரி," என்றான். "ஆனா ஆள் ஒரு வருஷமா அந்த வெள்ளைக்காரிகள்ட வீட்டுல இரிக்கானே. அதுக்கு என்ன ஞாயம்? எழுதச் சரிவராதாம், நேரதான் சொல்லணுமாம். அது என்ன கதை? உனக்கு அதுல சந்தேகமே இல்லியா?"

இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். எடித் என்ற பெயரை நினைத்தாலே இன்னும் எங்கோ குத்தத்தான் செய்தது. ஆனால் அது அவளுடைய சந்தேகம். அவர் வந்து, குளித்து, சாப்பிட்டு முடித்தபிறகு, அறைக்குள் முகத்துக்கு முகம் பார்த்துக் கேட்பதற்கென்று அவள் வைத்திருப்பது. மரைக்கார்மாருக்கு அதில் பங்கில்லை.

"இரிக்கி காக்கா," என்றாள். "அத நான் கேட்டுக்கிறன். ஒரு பக்கத்தப் பிடிங்க, உள்ளுக்கு வைப்பம்."

அவன் அசையவில்லை. அவள் குனிந்து ஒரு பக்கக் கைபிடியைப் பிடித்துத் தனியாகவே இழுத்தாள். பெட்டி மணலில் ஒரு முழம் கோடு கிழித்து நின்றது. தெருவில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீராசாஹிபு ஏதோ முணுமுணுத்தபடி மற்றக் கைபிடியைப் பிடித்தான். இருவருமாகப் பெட்டியைப் படலைக்குள் கொண்டுவந்தார்கள்.

"நாளைக்கு ஜும்ஆவுக்குப் போனா," என்றாள் ஸுல்பிகா மூச்சு வாங்கிக்கொண்டு, "தொழுதுட்டு நேரா வீட்டுக்கு வாங்க."